ஒரு பிடி அரிசியும் ஒரு நாள் உழைப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது 'தமிழர் பண்பாடு' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தனர். ஆண்டுதோறும் இம்மேடையில் அப்பொருள் பேசப்பட்டு வருகிறது. என்னைக் காட்டிலும் நாநலம் மிக்கவர்கள் பேசியிருக்கின்றனர். ஆதலின் அவர்களிடம் ஒரு சலுகை வேண்டினேன். நம் நாட்டின் கிழக்கெல்லையில் மலைமேல் வாழும் ஒரு சிறு சமுதாயத்தைப் பற்றி, அங்குள்ள திருச்சபைக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் முறையைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். அவர்தம் வழிபாட்டைப் பற்றி அன்று. பாத்திரம் துலக்குவது, தண்ணீர் சுமப்பது, அரிசி அளப்பது ஆகியவற்றைப் பற்றி. செயலாளர் சிறிது தயங்கினார். பிறகு, "பேசுங்கள் ஐயா; ஆனால் அரை மணிக்குள் முடித்துவிடுங்கள், பின்னால் குழந்தைகளின் நடனம் இருக்கிறது" என்று இசைந்தார். குழந்தைகளைக் காக்க வைக்கும் எண்ணம் எனக்கும் இல்லை.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி. எங்கள் வரிசையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவர் துணைவியாரும் வாழ்கின்றனர். மக்கள் இருவரும் வெளியூரில். அந்த அம்மையார் ஒருநாள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெரியவர் தனியொருவராக வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு இரவில் வீடு திரும்பித் தாமே உலை வைத்து, கஞ்சியைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு மீண்டும் ஓடினார். இவ்வாறு ஐந்து நாள். அடுத்தடுத்த சுவர், ஒருவர் வீட்டில் குக்கர் கூவினால் மற்றவர்க்குக் கேட்கும், ஆயினும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறாம் நாள் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தமிழறியாத அந்தப் பால்காரர் ஐந்து நாளும் அவருக்குக் காய்கறி வாங்கி வந்து கொடுத்திருந்தார் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

நான் ஓடிச் சென்று, "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். பெரியவர் சொன்ன மறுமொழி இது: "எல்லாருக்கும் ஆயிரம் வேலை. உங்களுக்கெல்லாம் எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்." சினமின்றி, நாணத்தோடு சொன்னார். அவருடைய இசைவு பெற்றே இதை இங்கே கூறுகின்றேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் அதே சொற்களை, ஏறக்குறைய அதே குரலில், பல ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடம் மிசோரம் மாநிலத்தின் தலைநகராகிய ஐசால்.

அலுவல் காரணமாக அங்கே ஆறாண்டுகள் குடியிருந்தேன். கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரத்தைந்நூறு அடிக்கும் மிகுந்த உயரத்தில், ஒரு மலைமுகட்டின் இருமருங்கும் சரிந்து கிடக்கும் ஊர் அது. அங்கே பல வீடுகளுக்குச் சாலை வாயிலில் இராது; கூரையின் உயரத்தில் இருக்கும். சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கித்தான் வீட்டை அடைய வேண்டும். எனக்குக் கிடைத்த வீடு எழுபது படிகள் கீழே இருந்தது. சாமான் வண்டி மேலே சாலையில் நின்றது. கூலியாள் தேடி நான் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் எங்கிருந்தோ வந்தனர். ஒருவன் அம்மிக்கல்லைத் தோளில் வைத்தான். இருவர் இரும்புப் பெட்டியைப் பிடித்தனர். ஒரு சிறுவன் எங்கள் வீட்டுச் சாமி படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். முக்கால் மணியில் வண்டி வெறுமையாயிற்று. நான் பணப்பையை எடுத்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தனர், போய்விட்டனர். வீட்டுக்காரர் மட்டும், "பணத்தை உள்ளே வையுங்கள். உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார்கள்" என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்நாட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். 1894ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11ஆம் நாள் லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு கிறித்தவத் தொண்டர்கள் அம்மலைகளுக்கு வந்தனர். எழுத்தின்றி இருந்த மொழிக்கு உரோம எழுத்துகளால் நெடுங்கணக்கு வகுத்தவர்கள் அவர்களே. பின்னர் வடபகுதியில் வேல்சு நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபையும், தென்பகுதியில் பாப்டிஸ்ட் சபையும் வேரூன்றின. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ பதினோரு இலட்சம்; நூற்றுக்கு 87 பேர் கிறித்தவர். ஆதலின் ஒரு பேட்டையின் மக்கள் என்றாலும் ஒரு சபையின் குடும்பங்கள் என்றாலும் பெரும்பாலும் ஒன்றே. பேட்டையை அவர்கள் 'வெங்' என்பர். 1935ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் தொண்டர்களும் உள்ளூர்ப் பெரியோரும் கூடி ஓர் இளைஞர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1947 முதல் அது 'இளம் மிசோ சங்கம்' என்னும் பெயரால் வழங்குகின்றது. வெங்குதோறும் அதன் கிளை உண்டு. என் அம்மிக்கல்லைச் சுமந்தவர்கள் அச்சங்கத்தின் பிள்ளைகளே.

ஆயினும் எல்லா உதவியும் புதிய சமயத்தோடு வந்தது என்று எண்ணற்க. 'ட்லொம்ஙைஹ்னா' என்று அவர்களிடம் பழஞ்சொல் ஒன்று உண்டு. ஒரே சொல்லால் அதைத் தமிழில் பெயர்க்க என்னால் இயலவில்லை. பிறர்க்கு உதவுவதில் பின்வாங்குவதற்கு வெட்கப்படுதல் என்று ஒருவாறு கூறலாம். நமக்கு உதவி கேட்க வெட்கம். அவர்களுக்கு உதவாமல் இருக்க வெட்கம். வெட்கம் என்னும் பண்டம் இரு நாட்டிலும் உண்டு. வைத்திருக்கும் இடந்தான் வேறு. திருச்சபை அப்பழம்பண்பை அழிக்காமல் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கிழமை முறையும், கணக்கும், பொறுப்பாளரும் அமைத்துக் கொடுத்தது.

இனி அரிசிக்கு வருகின்றேன்.

அந்நாட்டுச் சமையலறையில் அரிசிப் பானையின் அருகே வேறொரு சிறு பாத்திரம் இருக்கும். வீட்டுத் தலைவி வேளைதோறும் உலைக்கு அரிசி அளந்தபின், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை எடுத்து அப்பாத்திரத்தில் இடுவாள். அவ்வாறு சேர்ந்ததைச் சபையின் மாதர் வீடு வீடாகச் சென்று வாங்குவர். பின்பு அது விற்கப்பட்டுச் சபைப் பணிகளுக்கு ஆகும். 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். 1910ஆம் ஆண்டளவில் தொடங்கிய வழக்கம் இது. இங்கே கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்றுண்டு. பிடியரிசி எடுப்பது மூட்டையிலிருந்து அன்று, அளந்த அரிசியிலிருந்து. அஃதாவது, வீட்டார் உண்ண வேண்டியதில் ஒரு பிடி குறைகிறது. செல்வர் வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் பையில் விழுந்தபின் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாது. கொடுப்பவர் என்றும் வாங்குபவர் என்றும் ஊர் இரண்டாகப் பிரியாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

இது நமக்கும் புதிதன்று. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தினார். எங்கள் வீட்டிலேயே என் பாட்டியார் ஒரு மண்கலயம் வைத்திருந்தார். அக்கலயம் இப்போது எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலரும் தம் பாட்டிமாரின் கலயத்தை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்தம் முகமே சொல்லுகின்றது.

அரிசி ஒரு பங்கு. உழைப்பு மறு பங்கு. உழைப்பை 'ஹ்னாத்லாங்' என்பர். ஊர் கூடிச் செய்யும் வேலை என்பது பொருள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். வீட்டுக்கு ஒருவர் வருவர். படிக்கட்டு சரிந்தால் கட்டுவர். ஊற்றுக் குட்டை தூர்ந்தால் தூர்வாருவர். கணவனை இழந்தவளின் கூரை ஒழுகினால் ஒரு சனிக்கிழமைக்குள் மாற்றிவிடுவர். இறப்பு நேர்ந்தால் இளைஞர்களே குழி தோண்டுவர். பிரிந்த வீட்டைத் தனியே விடாமல் இரவுகளில் அங்கே கூடிப் பாடுவர். சிலர் அங்கேயே உறங்குவர். குழி தோண்டுவதற்கு அங்கே கூலி என்பது கிடையாது.

என் மனைவிக்கு மஞ்சட்காமாலை கண்டது ஒரு பிப்ரவரித் திங்களில். ஐசாலில் அது மழையற்ற காலம். நகருக்கு வேண்டிய நீரைக் கீழே ஓடும் ட்லாங் ஆற்றிலிருந்து மலைமேல் ஏற்ற வேண்டும். குழாய்நீர் கிழமைக்கு இரண்டு முறையோ ஒரு முறையோ வரும். கூரையிலிருந்து வழிந்து தொட்டியில் தேங்கிய மழைநீரும் மாசிக்குள் வற்றிவிடும். பிறகு ஊற்றுக் குட்டைதான் கதி. எங்களுக்கு நான்கு வயதுக் குழந்தை ஒன்று. நான் அலுவலகம் செல்ல வேண்டும். ஊரிலிருந்து தாயாரை வரவழைக்கலாம் என்றால் அவருக்கு நெடும்பயணம் ஆகாது. எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே செய்துவிடலாம் என்று முனைந்தேன். மூன்றாம் நாள் இரண்டு வாளிகளோடு படியேறும்போது கால் இடறி, நீர் முழுவதும் கொட்டிற்று. அதை மேல்வீட்டு அம்மையார் பார்த்துவிட்டார்.

மாலையில் அவரோடு மாதர் சங்கத்தார் மூவர் வந்தனர். நான் வாயிலில் நின்றுகொண்டு, "உங்களுக்கு எதற்குத் தொந்தரவு? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அரைகுறை இந்தியில் நான் சொன்னது அவர்களுக்கு விளங்காமல் இல்லை. விளங்காதவர்கள் போல் உள்ளே வந்துவிட்டனர்.

மறுநாள் முதல் முறை வைத்து வந்தனர். காலையில் ஒருவர் நீர் கொணர்வார். நண்பகலில் ஒருவர் துணி துவைப்பார். மாலையில் ஒரு பெண் குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வாள். நாங்கள் மரக்கறி உண்பவர்கள்; அவர்கள் வீட்டில் பன்றியிறைச்சி இல்லாமல் விசேஷம் இல்லை. இதை நாங்கள் சொல்லவில்லை, அவர்களே அறிந்திருந்தனர். தம் வீட்டிலிருந்து சமைத்த பண்டம் ஒன்றும் கொண்டுவந்ததில்லை. எங்கள் பாத்திரத்தை எங்கள் வீட்டிலேயே துலக்கி, எங்கள் காயை எங்கள் அரிவாள்மனையில் நறுக்கி வைப்பார்கள். அரிவாள்மனையைக் கண்டு முதல்நாள் வியந்து சிரித்தனர். இரண்டாம் நாள் பழகிவிட்டனர். கட்டிலில் படுத்தபடியே என் மனைவி கையசைவால் சொல்ல, அவர்கள் மோர்க்கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டனர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொலைபேசியில் என் தாயார் முதலில் கேட்ட கேள்வி, "அடுக்களையில் யார் இருக்கிறார்கள்?" என்பதே. நான் "வேலைக்காரி" என்று பொய் சொன்னேன். அருகில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அப்பொய் என் நாவில் எளிதாக வந்தது. தாயார் மறையும் முன் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, "அந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

பதினெட்டு நாள் கழிந்து என் மனைவி எழுந்து நடமாடினாள். நான் ஓர் உறையில் பணமும் ஒரு பெட்டியில் இனிப்பும் வைத்துக்கொண்டு சபையின் மூப்பர் வீட்டுக்குச் சென்றேன். மூப்பரை அவர்கள் 'உபா' என்பர். அவர் இனிப்பை வாங்கி, பெட்டியைத் திறந்து, உடனே ஒன்றை வாயில் இட்டுக்கொண்டார். உறையைத் திருப்பித் தந்தார். தந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "நேற்று இரவு கீழ்த்தெருவில் ஒரு கிழவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் குழி தோண்டப் போகிறார்கள். கடப்பாரை இருக்கிறது. நீங்களும் போங்கள்."

போனேன். அது மண்ணன்று, பாறை கலந்த சரிவு. அதுவரை நான் என் வாழ்நாளில் ஒரு குழி தோண்டியதில்லை. என் தந்தையின் இறுதிக் கடனிலும் எல்லாவற்றையும் பணம் கொடுத்து முடித்தவன் நான். ஒரு மணி நேரத்தில் இரு கையும் கொப்பளித்துவிட்டன. என் அருகே இருந்த இளைஞன் என் கையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தன் துணியைக் கிழித்துச் சுற்றினான். எனக்குப் பெயர் தெரியாத ஒருவருடைய குழிக்குள் நின்றுகொண்டு, பதினெட்டு நாளாக என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதை உணர்ந்தேன். வீட்டுக்காரர் முதல்நாள் சொன்ன சொல் அப்போதுதான் விளங்கிற்று. அன்று எனக்கு இரக்கம் காட்டியிருந்தால் நான் அவ்வூரில் நிமிர்ந்து நடந்திருக்க மாட்டேன். முறையில் சேர்த்துக்கொண்டார்கள்; நிமிர்ந்து நடந்தேன்.

இவ்விடத்தில் வள்ளுவரை நினைக்காமல் இருக்க இயலவில்லை. அவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இரண்டும் கொடுப்பதுதானே, ஏன் இரண்டு அதிகாரம் என்று பள்ளி நாளில் நான் எண்ணியதுண்டு. ஈகை இல்லாதவர்க்கு இருப்பவர் தருவது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து நின்று ஒருவர்க்கொருவர் பயன்படுவது. ஈகையில் மேடு பள்ளம் உண்டு, ஒப்புரவில் சமதரை. நாம் சங்கத்தில் நிவாரண நிதி திரட்டுகிறோம். வெள்ளம் வந்தால் தாராளமாகத் தருகிறோம். ஈகையில் நாம் குறைந்தவர்கள் அல்லர். இடுப்பெலும்பு முறிந்த வீட்டில் உலை வைக்க ஆள் இல்லாமற் போனதே, அது பணக் குறையா?

அம்மக்களை நான் தேவர்களாகக் காட்டுகிறேன் என்று எவரும் கருத வேண்டா. அங்கும் குறை உண்டு. ஹ்னாத்லாங்குக்கு வராதவர்மேல் ஊரின் கண் விழும். 1953ஆம் ஆண்டின் கிராம சபைச் சட்டத்திலேயே அவ்வுழைப்புக்கு இடம் உண்டு. ஆகவே முழுவதும் விருப்பத்தால் வருவது என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் ஏரி குளங்களைக் குடிமக்களே பேணிய குடிமராமத்துக்கும் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் பின்னால் நின்றது என்பதை நாமும் மறந்துவிடக் கூடாது. ஊர் துணைநிற்கும் இடத்தில் ஊர் மூக்கையும் நுழைக்கும். என் வீட்டு விளக்கு இரவில் எத்தனை மணிக்கு அணைகிறது என்பது எழுபது படிகளுக்கு மேலே உள்ளவர்க்கும் தெரியும். நான் இருந்த நாளில், அரிசியைப் பிடித்து வைத்தவர்கள் பெண்கள். மேடையில் அமர்ந்து அதன் செலவைப் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதுவும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லை கடந்து வந்த பல்லாயிரவர்க்கு அச்சபைகளும் இளைஞர் சங்கமும் மூங்கிற் குடில் அமைத்து உணவளித்தன. போற்றத் தக்க செயல். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு இனத்தால் உறவினர். அதே மாநிலத்தில் 1997இல் இனப்பூசல் மூண்டபோது, புரூ என்னும் சிறுபான்மையினர் பல்லாயிரவர் அண்டை மாநிலமாகிய திரிபுராவுக்கு ஓடினர். அவர்களில் எஞ்சியோரைத் திரிபுராவிலேயே குடியமர்த்துவது என்னும் உடன்பாடு 2020 ஜனவரியில்தான் ஏற்பட்டது. ஒருவரையொருவர் இறுகப் பற்றும் கைகள் வட்டமாக நிற்கும்போது, வட்டத்துக்கு வெளியே நிற்பவர்க்குத் தெரிவது முதுகுதான். என்னைப் போன்ற அயலானை உள்ளே இழுத்துக்கொண்ட மக்களே அவர்கள். ஆதலால் இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது.

நம் சங்கத்துக்கும் இக்கேள்வி உண்டு அல்லவா? நாம் எத்தனை பேருக்குத் தமிழர். எத்தனை பேருக்கு அண்டை வீட்டார்? ஐந்து நாள் காய்கறி வாங்கித் தந்த பால்காரர் நம் உறுப்பினர் பட்டியலில் இல்லை.

சிலர் கேட்கலாம்: "அது மலையூர், ஒரே சமயம், ஒரே மொழி, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்பவர்கள். நாமோ மாற்றலாகி வந்தவர்கள். மூன்றாண்டில் எவர் எங்கே போவாரோ! இங்கே இதெல்லாம் நடக்குமா?" நியாயமான கேள்வி. எனினும், நிலையாக இருப்பவர்க்கு உறவினர் உண்டு. பெயர்ந்து வந்தவர்க்குத்தானே அண்டை வீடு வேண்டும்?

நானும் பேச்சோடு நிற்கவில்லை. சென்ற ஐப்பசி முதல் எங்கள் வரிசையில் ஒரு சிறு முயற்சி நடந்து வருகிறது. பதினான்கு வீடுகள், அவற்றில் தமிழ் பேசுவோர் ஒன்பது, பிறர் ஐந்து. மாதம் ஒரு வீட்டார் முறைகாரர். கிழமைக்கு ஒருமுறை எல்லாக் கதவையும் தட்டி, 'என்ன வேண்டும்' என்று கேட்காமல், 'இந்தக் கிழமை என்ன வேலை இருக்கிறது' என்று கேட்க வேண்டும். கேள்வியின் இச்சிறு வேற்றுமையைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. வேண்டுவது என்ன என்று கேட்டால் எவரும் "ஒன்றும் வேண்டா" என்றே சொல்லுகிறார்கள். வேலை என்ன என்று கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். பணம் இதில் வரலாகாது. வேலையைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். செய்தவர் பெயரை எழுதுவதில்லை. எழுதினால் அது மொய்ப் புத்தகம் ஆகிவிடும்.

எல்லாம் இனிதே நடக்கிறது என்று சொன்னால் பொய். ஒரு வீட்டார் கதவைத் திறக்க மறுத்துவிட்டனர். அது அவர்கள் உரிமை. இரண்டு மாதர்க்கிடையே ஒரு குத்துவிளக்கைத் துலக்கியது பற்றி மனத்தாங்கல் வந்து இன்னும் தீரவில்லை. மார்கழிக் குளிரில் முறைகாரர் ஒருவர் மூன்று கிழமை கதவு தட்டவே இல்லை. அவர் யாரென்று நான் சொல்ல மாட்டேன். அவர் முன் வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். மறுபுறம், மாடிவீட்டுக்கு எரிவாயு உருளையை ஏற்றிவைப்பது இப்போது கல்லூரி மாணவர் இருவரின் வேலையாகிவிட்டது. கீழ்வீட்டு ஒரிய ஓட்டுநரின் மனைவிக்குப் பேறுகாலம் வந்தபோது, அவர்தம் மூத்த குழந்தை பன்னிரண்டு நாள் எங்கள் நான்கு வீடுகளில் மாறி மாறி உண்டு உறங்கிற்று. இப்போது அக்குழந்தை 'இன்னும் கொஞ்சம்' என்பதைத் தமிழில் சொல்லுகிறது.

இடுப்பெலும்பு முறிந்த அம்மையார் இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். நாங்கள் முறை வைத்து அவர் வீட்டில் வேலை செய்யத் தொடங்கிய இரண்டாம் கிழமை அவர் அழுதுவிட்டார். வாங்கிக்கொண்டே இருக்கிறோமே என்று அழுகை. நான் கொப்பளித்த கையோடு குழியில் நின்ற நாளை அவருக்குச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கடப்பாரை தூக்க முடியாதே! உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது சொல்லுங்கள்" என்றார். எங்கள் வரிசையில் செவிலியர் ஒருவர் இருக்கிறார். இரவுப் பணிக்குச் செல்பவர். அவருடைய இரண்டு சிறுமிகளும் இப்போது மாலை ஆறு முதல் எட்டு வரை அந்த அம்மையாரின் கூடத்தில் இருக்கிறார்கள். அங்கே அரிச்சுவடி நடக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் இம்மேடையில் ஆடப்போகிற குழந்தைகளில் அவ்விருவரும் உண்டு. அவர்களுக்குத் தலை பின்னிப் பூ வைத்து அனுப்பியவர் அவரே.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகின்றேன். குறிப்பேட்டின் படி ஒன்று சங்க நூலகத்தின் மேசைமேல் வைத்திருக்கிறேன். வேறு வரிசையினர் பார்த்துத் தமக்கேற்றவாறு மாற்றிக்கொள்ளலாம். இம்மாத முறை என்னுடையது. நாளை ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வரிசைக் கோடிவீட்டின் மொட்டைமாடி நீர்த்தொட்டியைக் கழுவ வேண்டும். இருவர் இருக்கிறோம், மூன்றாமவர் ஒருவர் தேவை. துடைப்பம் நாங்கள் கொண்டு வருகிறோம்.